சுருதி இறங்கும் பெட்டி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனவர்கள் மெர்லினைப் பார்த்திருப்பார்கள். பேர்தான் தெரியாது. ‘அந்த மாத்திர குடுக்கிற பொண்ணு’ என்பார்கள். டாக்டர் சீட்டில் கோழி கிளறி வைத்தது போல எழுதியிருப்பதை ஒரே பார்வையில் படித்துவிட்டு, அலமாரியைப் பார்க்காமலே கையை நீட்டி அட்டையை எடுத்துக் கத்தரித்துக் கொடுப்பாள். காலையிலிருந்து நின்று நின்று கணுக்கால் வீங்கிப்போகும். யாரும் அவளிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதில்லை. மருந்து வாங்க வருகிறவனுக்கு அவனவன் நோவு.

திருவிழாக் காலம் வந்தால் கதையே வேறு. கடை விட்டதும் ஓடிப்போய்ப் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு, அறிவுச்செல்வனின் இன்னிசைக் குழுவோடு மேடையேறி கீபோர்டுக்குப் பின்னால் நின்றாளானால், ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். “யாருடா அந்தப் பொண்ணு?” என்று கேட்பார்கள். அறிவுச்செல்வன் மைக்கில் பேரைச் சொல்வார். கைதட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் மெர்லின். இதைப் புரிந்துகொண்டால்தான், ஒரு பழைய பெட்டிக்காக அவள் அந்த மார்கழியில் ஏன் அப்படி நடந்துகொண்டாள் என்பது விளங்கும். நியாயமாக நடந்துகொண்டாள் என்று நான் சொல்லவில்லை. விளங்கும், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா ராயப்பன் கரும்பு வெட்டப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக்குழுவின் ஆர்மோனியம் சும்மா கிடந்தது, இவள் தொட்டுப் பார்த்தாள், விரல் தானாக வழி கண்டுபிடித்தது. அவ்வளவுதான் அவள் படித்த சங்கீதம். கல்யாணமாகி கள்ளக்குறிச்சிக்கு வந்தபிறகு, அறிவுச்செல்வன் ஒரு திருமண வரவேற்பில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார். புருஷன் டென்னிஸ் ‘குட்டி யானை’ என்று ஊர் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். தடை சொல்லவில்லை. குழுவின் சாமான் ஏற்றுகிற வண்டி வாடகை அவனுக்குத்தானே.

பெட்டிக்கு வருவோம். அது ஒரு பழைய காலத்து சிந்தசைசர். புதுச்சேரியில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தி மூடிவிட்ட ஒரு பெரியவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. இரண்டு பக்கமும் மரப்பலகை, இடது மூலையில் நீளநீளமாகப் பிளவு விட்டு, அந்தப் பிளவுகளில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள். இந்தக் காலத்துக் கீபோர்டு கிளிப்பிள்ளை மாதிரி, பதிந்துவைத்ததைத் திருப்பிச் சொல்லும். இது அப்படியில்லை. கரண்டைத் தானே உருட்டித் திரட்டிச் சத்தமாக்கும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆனால் வந்தால் அடிவயிற்றில் போய் உட்காரும். எண்பதுகளின் பாட்டுக்கென்றே பேர்போன குழு அறிவுச்செல்வனுடையது. அந்தப் பெட்டியின் குரலைக் கேட்டதும், “இதத்தாம்மா இத்தினி வருசமா தேடிக்கினு இருந்தேன்” என்று அவர் தொடையில் தட்டினார்.

ஐப்பசியில் வாங்கியது கார்த்திகையில் காலை வாரியது. தியாகதுருகத்தில் கச்சேரி. சரணம் முடிந்து, பாடகி செந்தமிழ்ச்செல்வி மூச்சு வாங்கிக்கொள்ளும் இடத்தில் மெர்லின் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து நிறுத்த வேண்டும். பிடித்தாள். அது நிற்கவில்லை. காற்றுப் போகிற சைக்கிள் டியூப் மாதிரி மெதுவாக, வெட்கமே இல்லாமல் கீழே இறங்கியது. அடுத்த வரியை எந்தச் சுருதியில் எடுப்பது என்று தெரியாமல் செல்வி திணற, முன்னால் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் அந்தச் சத்தத்தை வாயாலேயே திருப்பிச் செய்து காட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் போட்டுப் பார்த்தாள். தங்கக் கம்பியாகப் பாடியது. ஒயரை மாற்றினாள். ஆம்ப்ளிஃபயர் சரிபார்க்கும் கடைக்குத் தூக்கிப்போனாள். அவர்கள் கரண்டு நுழைகிற வலது பக்கத்தைத் திறந்து, பழைய உருப்படிகள் இரண்டைப் புதிதாகப் போட்டு, மாலை வரை ஓடவிட்டார்கள். “பொட்டி நல்லாத்தாம்மா கீது, உங்க காதுக்குத்தான் ஏதோ” என்றார் கடைக்காரர். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் என்ன சொல்வாள்? வாயை மூடிக்கொண்டு தூக்கி வந்தாள்.

“வேலியில போன ஓணான எடுத்து மடியில வுட்டுக்கினு, குத்துது கொடையுதுன்னா இன்னா பண்றது?” என்றான் டென்னிஸ்.

“நீங்க சும்மா இருங்க.”

புதுச்சேரிப் பெரியவருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வோல்டேஜ் ஏறி இறங்கினால் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குச் சுருதி நிற்காதம்மா என்றார். மெர்லினுக்கு அது வேதவாக்காகப் போய்விட்டது. வீட்டில் நன்றாகப் பாடுகிறது, மேடையில் இறங்குகிறது. மேடைக்குக் கரண்டு கொடுக்கிறவர் யார்? கந்தசாமி.

கந்தசாமி சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவர். ஸ்பீக்கர், சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்சர், ஜெனரேட்டர் எல்லாம் அவருடையது. மேடைக்கு முதலில் வருவார், கடைசியில் போவார், நடுவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வருஷத்தில் அவருக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அறிவுச்செல்வன் குழு கொடுப்பதுதான்.

மார்கழியில் நைனார்பாளையம். பெட்டி மறுபடியும் இறங்கியது, முன்னைவிட மோசமாக. கச்சேரி முடிந்து விழாக் கமிட்டியார் முகம் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள். மெர்லின் மேடையிலிருந்து இறங்கி நேராக மிக்சருக்குப் போனாள்.

“கரண்ட ஒழுங்கா குடுக்கத் தெரியலன்னா எதுக்குண்ணே சவுண்டு சர்வீஸ்னு போர்டு மாட்டிக்கினு சுத்தறீங்க? என் பொட்டிய பாழாக்கறதே உங்க கரண்டுதான்!”

அவள் குரல் பெரியது. நைனார்பாளையம்தான் கந்தசாமி பெண் கொடுத்த ஊர். சம்பந்தி வீட்டார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், மருமகன் சரத்குமார் உட்பட. கந்தசாமி ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்கவில்லை.

அறிவுச்செல்வனுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுவது பிடிக்கும். எல்லாரையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “பொங்கலுக்கு மலமேல கச்சேரி கீது. கந்தசாமி, புதுசா ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கினு வா. வோல்டேஜ் அசையக் கூடாது. அப்ப பொட்டி நல்லா பாடுச்சின்னா, இத்தினி நாளா உன் கரண்டுதான் குத்தம். மணலூர்பேட்ட ஆத்துத் திருவிழாலேர்ந்து நான் வேற சவுண்டு பாத்துக்குவேன். அப்பவும் எறங்குச்சின்னா பொட்டிதான் குத்தம். மெர்லினு, நீ எறங்கிக்க, வேற ஆள் வாசிக்கட்டும். சரியா?”

சரி என்று இருவரும் தலையாட்டினார்கள். வேறென்ன செய்வது?

மேடையில் வாசிக்கத் தொடங்குமுன் மெர்லினுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்கு மருந்து விடுகிற காலிப் புட்டியில் மாதா கோவில் வாசல் தொட்டித் தீர்த்தத்தைப் பிடித்து வைத்திருப்பாள். பெட்டியின் இடது மூலையில் அதைச் சொட்டு விட்டு, கட்டைவிரலால் சிலுவை போடுவாள். தியாகதுருகத்துக்கு முன்னால் இரண்டு சொட்டுப் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் பயம் கூடக்கூடச் சொட்டும் கூடியது. நைனார்பாளையத்தில் புட்டியைப் பிழிந்தே விட்டுவிட்டாள். சேசுவே, இன்னிக்காவது காப்பாத்தும்.

பொங்கல் கழிந்த மறுநாள் மத்தியானம் வண்டிகள் கச்சிராயபாளையம் வழியாக மலையேறின. கொட்டிப்பாறை என்கிற அந்த மலையூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. அம்மன் கோவில் திடலில் மேடை. ஒரு பக்கம் மரவள்ளிக் காடு, மறுபக்கம் சரிவு. சரிவுக்குக் கீழிருந்து பனிமூட்டம் எழும்பி வரத் தொடங்கியிருந்தது.

சரத்குமார் மாமனாரோடு வந்திருந்தான். ஒத்தாசைக்கு வந்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். மாமனார் மானம் மலையிலும் போகிறதா என்று பார்க்க வந்தான் என்றும் சொல்லலாம். கந்தசாமி மேடைக்குப் பின்னால் குழி தோண்டிக் கம்பியை இறக்கி, கரியைக் கொட்டி, கல்லுப்பைக் கைகையாக அள்ளிப் போட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எர்த்துக்கு எதுக்கு மாமா இவ்ளோ உப்பு?” என்றான் சரத்குமார்.

“உப்பும் ஈரமும் சேந்தாதான் மாப்ள கரண்டு மண்ணுக்குள்ள எறங்கும். காஞ்ச எடத்துல எறங்காது, நின்னுடும்.”

மெர்லின் மேடைமேல் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டே இதைக் கேட்டாள். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. புது ஸ்டெபிலைசர் அவள் காலடியில் உறுமிக்கொண்டிருந்தது. முள் இருநூற்று முப்பதில் ஆணியடித்தது போல நின்றது. ஊரார் கோவில் பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டம் மேடைக் கம்பங்களைத் தொட்டுவிட்டது. ஸ்பீக்கரில் போடாமல் முதலில் தான்மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள்.

சுரம் வந்தது. நின்றது. பிறகு இறங்கியது.

முள் அசையவில்லை. அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினாள். இறங்கியது. கரண்டு கல்லாக நிற்கிறது, பெட்டி இறங்குகிறது. அப்படியென்றால் கந்தசாமி மேல் குற்றமே இல்லை. இந்த நினைப்பு வந்த கணமே, ‘நான் மேடையை விட்டு இறங்க வேண்டும்’ என்பதும் கூடவே வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டாவதுதான். சத்தம் ஸ்பீக்கருக்குப் போகவில்லைதானே என்று ஹெட்போன் ஒயரை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

திருப்புளியை எடுத்துப் பெட்டியை ஒருக்களித்து நிறுத்தினாள். வலது பக்கம் கடைக்காரர் பார்த்தது. இடது பக்கத்துத் தகட்டை இதுவரை யாரும் தொடவில்லை. நன்றாகப் பாடுகிற பெட்டியை எதற்குக் கிளறுவது என்று விட்டிருந்தார்கள். மெர்லின் அதைக் கழற்றினாள். கட்டையை அழுத்தினால் எந்தச் சுரம் என்று நினைவில் பிடித்துவைக்கிற சின்னஞ்சிறு உருப்படிகள் இருக்கிற பலகை அது என்று பெரியவர் போனில் சொல்லியிருந்தார். அந்தப் பலகையின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு. பூத்த இடமெல்லாம் லேசாக வியர்த்து மினுங்கியது.

விரலால் தொட்டாள். பிசுபிசுப்பு. என்ன மருந்தென்று தெரியாத பொடியை நாக்கில் வைக்கக் கூடாது என்பது மருந்துக்கடையில் முதல் பாடம். அவள் வைத்தாள்.

உப்பு.

பெட்டிக்குள் உப்பு எங்கிருந்து வரும்? கடலிலா கிடந்தது? தலையைக் குனிந்து பலகைக்கு மேலே பார்த்தாள். குமிழ்கள் தள்ளுகிற பிளவுகள் வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்தது, சரியாக அந்த வெள்ளையின் மேல். அந்த மூலை. அவள் சிலுவை போடுகிற மூலை.

அவர்கள் பங்குச் சாமியார் பழைய முறைக்காரர். தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்பும் மந்திரித்துப் போடுவார். சின்ன வயதில் பிறந்த ஊர்ப் பூசையில் அந்த மாதிரி உப்புக் கிண்ணத்தை ஏந்தி நின்றவள்தான் இவள். பகலில் வெயிலில், வீட்டு ஃபேன் காற்றில், உப்பு காய்ந்து சும்மா கிடந்திருக்கிறது. பனியிறங்கும் நேரத்தில் மேடைக்கு வந்ததும் ஈரத்தைக் குடித்து, பலகை பிடித்துவைத்திருக்கும் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டிருக்கிறது. பெட்டி இறங்க இறங்க இவள் தீர்த்தம் விட்டாள். தீர்த்தம் விட விட அது இறங்கியது. ஆண்டவர் மேல் குற்றமில்லை. அவர் உப்பை ஆசீர்வதித்தார், சிந்தசைசருக்குள் ஊற்றச் சொல்லவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். நேரமில்லை. உப்பைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். குடத்துத் தண்ணீர் ஆகாது, மருந்துக்கடைப் புத்தி அவ்வளவு சொன்னது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஆகும். அது ஒருவரிடம்தான் இருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கிப் போனாள். கந்தசாமி ஸ்பீக்கருக்கு அடியில் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நைனார்பாளையத்துக்கப்புறம் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

“அண்ணே, கொஞ்சம் பேட்டரித் தண்ணி வேணும்.”

எதற்கென்று அவர் கேட்கவில்லை. “வண்டியில கேன் கீது பாரும்மா. முழுசா எடுத்துக்க, எனுக்கு அதுல வேலயில்ல இன்னிக்கு” என்றார்.

பஞ்சில் நனைத்து நனைத்துத் துடைத்தாள். பையிலிருந்த ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்தாள். செந்தமிழ்ச்செல்வியிடம் தலைமுடி காயவைக்கிற மெஷினை வாங்கி அனல் காற்றை ஊதினாள். “இன்னாக்கா, பொட்டிக்கும் மேக்கப்பா?” என்று செல்வி சிரித்தாள். தகட்டை மாட்டி, பிளவுகளைச் சேலைத் தலைப்பால் போர்த்தி, ஹெட்போனில் கேட்டாள். சுரம் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

நியாயத்துக்கு அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அறிவுச்செல்வன் சொன்ன தீர்ப்பு அப்போதுதான் முழுசாக உறைத்தது. பெட்டி இன்றைக்கு நன்றாகப் பாடினால் இத்தனை நாளும் கந்தசாமி கரண்டுதான் குற்றம். புது ஸ்டெபிலைசர் அவர் கையாலேயே கொண்டுவந்து வைத்த சாட்சி. அவள் பெட்டியைச் சரிசெய்ததுதான் அந்த மனுஷனுக்கு வைத்த வேட்டு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இப்படிச் சொந்தக் கையாலே செய்து பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.

சொல்லிவிடலாம். சொன்னால் பெட்டிக்குள் தீர்த்தம் ஊற்றியவள் என்று ஜில்லாவே சிரிக்கும். சாமியார் காதுக்குப் போகும். அதுவாவது போகட்டும். குற்றம் பெட்டியுடையது என்றால் தீர்ப்பின்படி அவள் இறங்க வேண்டும். பிறகு கவுன்டர், அட்டை, கத்தரி, வீங்கின கணுக்கால், ‘மாத்திர குடுக்கிற பொண்ணு’. அவ்வளவுதான் மிச்சம்.

சொல்லவில்லை. கச்சேரி முடியட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் முதலில் தங்களிடம்தான் தவணை கேட்பார்கள்.

இருட்டத் தொடங்கியதும் கச்சேரி ஆரம்பித்தது. மலைச்சனம் போர்வையும் பிள்ளையுமாக வந்து நெருக்கி உட்கார்ந்தது. டென்னிஸ் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டினான். “இன்னா, இன்னிக்கு சிலுவ போடலயா நீ?”

“போட்டாச்சு” என்றாள்.

மூட்டம் மேடைக்குள்ளேயே வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் அதில் நனைந்து மங்கியது. ரிதம் பேட் வாசிக்கிற அய்யப்பன் குச்சியால் எண்ணிக்கை கொடுத்தான். முதல் பாட்டில் நீண்ட சுரம் வருகிற இடம் நெருங்க நெருங்க அவள் முதுகில் வியர்வை ஓடியது, அந்தக் குளிரில். எங்காவது ஓரத்தில் உப்பு மிச்சம் இருந்தால்? பிடித்தாள். நின்றது. அறிவுச்செல்வன் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். இரண்டாம் பாட்டிலும் நின்றது. மூன்றாம் பாட்டில் கூட்டம் விசிலடித்தது. அவள் ஒவ்வொரு சுரத்தையும் பயத்தோடு பிடித்தாள், விடும்போது அந்தப் பயம் போவதற்குப் பதிலாக வேறொன்றாக மாறியது. சுரம் நிற்க நிற்க, எதிரே மிக்சரில் நின்றிருந்த கந்தசாமியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்வதை அவளால் பார்க்க முடிந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, இறங்கித் தொலையேன் என்று பெட்டியை மனதுக்குள் கெஞ்சினாள். அது கேட்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை, இவ்வளவு கேவலமாக உணர்ந்ததும் இல்லை.

நடுவில் கமிட்டியார் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்த இடைவேளை விட்டார்கள். மேடைக்குப் பின்னால் அறிவுச்செல்வன் தேநீரோடு நின்றார்.

“பாத்தியா மெர்லினு? நான் சொன்னேன்ல? ஸ்டெபிலைசர் போட்டதும் எப்டி நிக்குது பாரு. கந்தசாமிண்ட பேசிட்டேன். ஆத்துத் திருவிழாவுக்கு வேற ஆளு. பாவம்தான், ஆனா தொழில்னா தொழிலு.”

மெர்லின் வாய் திறப்பதற்குள் கந்தசாமி வந்துவிட்டார். அறிவுச்செல்வனிடம் வரவில்லை, அவளிடம் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

“யம்மா, நைனார்பாளையத்துல நீ சொன்னப்ப எனுக்கு வெறுப்பாதான் இருந்துது. இந்தப் பொண்ணு வீண்பழி போடுதேன்னு நெனச்சேன். இன்னிக்குக் காதால கேட்டேன். என் ஜெனரேட்டர்தான் எங்கியோ கோளாறு பண்ணுது போல. எனுக்குத் தெரியாம போச்சு. தப்பு என்னுதுதாம்மா. மனசுல வச்சிக்காத.”

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கதையைக் கடைசி வரை ஓட்டியிருப்பாள் என்றுகூட நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டார். செய்யாத தப்புக்கு, செய்தவளிடம்.

“அண்ணே, உங்க கரண்டு நல்லாத்தாண்ணே இருந்துது” என்றாள். “நான்தான். பொட்டிக்குள்ள தீர்த்தம் வுட்டுட்டேன். ஒவ்வொரு வாட்டியும். அது உப்புத் தண்ணி. உள்ள பூத்துக்கினு இருந்துது. சாயங்காலம் உங்கண்ட வாங்கனேன் பாருங்க தண்ணி, அதாலதான் கழுவனேன். அதான் பாடுது. ஸ்டெபிலைசரால இல்ல.”

அறிவுச்செல்வனின் தேநீர் வாய்க்குப் போகாமல் நின்றது. கந்தசாமி அவளையே பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம். அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“எப்ப தெரியும் உனுக்கு?”

“சாயங்காலம்.”

“தெரிஞ்சிக்கினேவா இத்தினி பாட்டு வாசிச்ச?”

ஆமாம் என்று தலையாட்டினாள்.

“என் சம்பந்தி மின்னாடி, ஊர் சனம் மின்னாடி நிக்க வச்சிக் கேட்ட. இப்ப ஸ்டேஜிக்குப் பின்னாடி வந்து காதுல சொல்றியா?” துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு அவர் மிக்சருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

“வுடு மெர்லினு” என்றார் அறிவுச்செல்வன் அவசரமாக. “நான் பேசிக்கறேன். அவனையே வச்சிக்கலாம், உன்னயும் வச்சிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். குழு பேரு கெட்டுடும்.”

நல்ல யோசனைதான். இரண்டு பேருக்கும் வேலை தப்பிக்கும். மெர்லின் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். திரைத்துணி விலகலில் மிக்சர் தெரிந்தது. அங்கே இருந்த ஒரே நாற்காலியில் சரத்குமார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் நிமிர்ந்து ஏதோ கேட்டான், அவர் ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் மேடைக்குப் போனாள். சால்வை முடிந்து கூட்டம் அடுத்த பாட்டுக்காகச் சலசலத்துக்கொண்டிருந்தது. பாடகியின் மைக்கை எடுத்தாள். அவள் மேடையில் வாசித்திருக்கிறாள், பேசியதில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம் சொல்லணும்.” குரல் மெல்ல, நடுங்கி, பாதி மூட்டத்திலேயே கரைந்தது. பின்வரிசையில், “கேக்கல, கேக்கல” என்று கத்தினார்கள்.

அவள் மிக்சரைப் பார்த்தாள். கந்தசாமியின் கை மைக்கின் குமிழ்மேல் இருந்தது. அவர் நினைத்தால் முழுசாக அணைத்துவிடலாம், அவளும் தப்பித்துக்கொள்வாள். அவர் அணைக்கவில்லை. ஏற்றினார். அடுத்த வார்த்தை ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிச் சரிவில் இறங்கி எதிர்மலையில் முட்டித் திரும்பியது.

“இந்தக் கீபோர்டு முன்னாடி ரெண்டு ஊர்ல சுருதி எறங்குச்சி. சவுண்டு சர்வீஸ் கந்தசாமி அண்ணன் குடுத்த கரண்டுதான் காரணம்னு நைனார்பாளையத்துல அத்தினி பேரு மின்னாடி அவர அசிங்கப்படுத்தனேன். அது பொய்யி. நான்தான் பொட்டிக்குள்ள கோவில் தீர்த்தத்த ஊத்தி, உப்பு உள்ள எறங்கிக் கெட்டுப்போச்சி.” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், சிரிப்புப் பரவியது. அவள் அது அடங்கும் வரை நின்றாள். “சிரிங்க, பரவால்ல. அண்ணன் கரண்டுல ஒரு குத்தமும் இல்ல. அவருண்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

மைக்கை அதன் தண்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். அறிவுச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“உன் வாயாலயே உன்ன எறக்கிக்கினியே. ஆத்துத் திருவிழாவுக்கு நான் இன்னா பண்ணுவேன் இப்ப? பொட்டி குத்தம்னா நீ எறங்கணும்னு எல்லார் மின்னாடியும் சொல்லி வச்சிருக்கேன்.”

“தெரியும்ணே. இன்னிக்கு மிச்சப் பாட்ட வாசிச்சிட்டு எறங்கிக்கறேன்.”

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மேடை இனி இல்லை என்பது அப்போதுதான் வலித்தது, நன்றாகவே வலித்தது. பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அய்யப்பன் குச்சியைத் தூக்கிக்கொண்டு அவள் தலையசைப்புக்காகக் காத்திருந்தான். அவள் மிக்சர் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

சரத்குமார் எழுந்து நின்றிருந்தான். நாற்காலியைத் தூக்கி மாமனாருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அவர் தோளைத் தொட்டு, “உக்காருங்க மாமா” என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. கந்தசாமி வேண்டாம் என்று கையாட்டினார். அவன் விடவில்லை. அவர் உட்கார்ந்தார்.

மெர்லின் அய்யப்பனுக்குத் தலையசைத்தாள்.